மூன்றாவது பிரவுசரில் முப்பது நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் துடியலூரில் நாங்கள் ஒரு கடை வைத்திருந்தோம். ஜெராக்ஸ், எஸ்.டி.டி. பூத், கல்யாணப் பத்திரிகை டைப்செட்டிங், கடைசியாக வந்து சேர்ந்த இன்டர்நெட். கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் இரண்டு. டைப் அடிப்பது என் மனைவி, வாயடிப்பது நான். அந்த வாய்க்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு மார்கழிக் காலையில் ஷேவ் செய்யும்போது குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். வலிக்காததால் பயந்துபோனேன். குரலும் கொஞ்ச நாளாகக் கம்மிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போனால் அது என்னவென்று சொல்லிப்போடுவார்களே. ஆகவே மனைவி கடைக்கு வருவதற்கு முன்னால் போய், கம்ப்யூட்டரிடம் கேட்டேன்.

மோடம் யாரோ தொண்டையைக் கொப்பளிப்பது போலச் சத்தம் போட்டது. பிறகு ஒரு படம் மேலிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. யாரென்று தெரியாத ஒருவனின் தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. மூடிய கண்கள் வந்தன. கழுத்து வருவதற்குள் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மேட்டுப்பாளையம் ரோடே பனியில் காணாமல் போயிருந்தது. பஸ் இல்லாமல் பஸ்ஸின் விளக்குகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. திரும்பி உள்ளே பார்த்தேன். கழுத்து முழுசாக வந்து சேர்ந்து எனக்காகக் காத்திருந்தது.

நாங்கள் இன்டர்நெட் பார்த்த பிரவுசர் கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. வேறொன்று இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால்தான், ஒரு மாத இதழோடு வந்த சிடியைப் போட்டு அதைப் புதுசாக்கியிருந்தேன். புதுசானதில் அதற்கு ஞாபகசக்தி வந்திருந்தது. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ரிடையர்டு வாத்தியார் ஒருவர் திருப்பதி ரயிலைப் பற்றிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மனைவி தேடும் பெட்டியில் முதல் எழுத்து 'டி' அடித்தாள். அதற்குக் கீழே ஒரு பட்டியல் தானாகத் தொங்கியது. நான் இங்கிலீஷில் தட்டியிருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. தொண்டையில் கட்டி, வலி இல்லை. தொண்டையில் கட்டி, எத்தனை நாள் இருப்பார்கள்.

நான் மேஜைக்குக் கீழே காலை விட்டு பிளக்கை உதைத்துப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

"கரண்ட் போயிருச்சு அம்மணி."

அவள் மேலே பார்த்தாள். "ஏனுங்க, பேன் சுத்துதுங்களே."

"அது போன கரண்டுல சுத்துது."

"இருக்குமுங்க" என்றார் வாத்தியார், மரியாதைக்கு. மனைவி குனிந்து பிளக்கை எடுத்துச் சொருகினாள்.

அன்றைக்கு மத்தியானமே உக்கடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். எங்கள் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

"பாய், தட்டினதை ஞாபகம் வெச்சுக்காத பிரவுசர் எதாச்சும் இருக்குதுங்களா?"

"என்னத்தப் பாத்துப்போட்டீங்க?"

"நான் இல்லீங்க. ஒரு கஸ்டமரு."

"அந்தக் கஸ்டமருக்காகத்தானுங்க எல்லாரும் வர்றாங்க. ஊரு பூராத் திரியறாரு மனுசன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினார். கூடவே வந்தது ஒன்று. அதற்குப் போட்டியாக இன்னொன்று, அது ரொம்பப் பெருசு, திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அதுவும் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும் ஜாதி. மூன்றாவது ஏதோ குளிர் தேசத்துக்காரர்கள் செய்தது.

"ஒத்தைப் பிளாப்பியில அடங்கிரும். ஒரே சன்னலுக்குள்ள நாலு பக்கம் தொறக்கலாம். எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாம். மூடறப்ப எல்லாத்தையும் தொடச்சுப்போட்டுப் போகச் சொல்லலாம். வேண்டாமுன்னா படமெல்லாம் வராம ஒரே பட்டன்ல நிறுத்திக்கலாம்."

"படம் வராதுங்களா?"

"உங்க கஸ்டமருக்கு அது ஆகாதுங்களே" என்று பாய் சிரித்தார். அவர் மனசில் நான் ஒரு மாதிரியான ஆள் ஆகிவிட்டேன். நோயாளி ஆவதற்கு அது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டேன். பழைய பிரவுசரின் பட்டியலை எப்படி அழிப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அழித்தேன். எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை. பிறகு பிளாப்பியைப் போட்டேன்.

மூன்றாவது பிரவுசர் நல்ல பிள்ளையாக ஓடியது. என்ன, திறந்தவுடன் நட்ட நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இன்னும் முப்பது நாள் மீதி இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

காசில்லாமல் பழகிப் பார்க்கக் கொடுத்த கெடு அது. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மறுநாள் திறந்தேன், இருபத்தொன்பது. கட்டியைத் தடவிக்கொண்டே அதற்கு மறுநாள் திறந்தேன், இருபத்தெட்டு. ஒரு சனி, ஞாயிறு அதைத் திறக்கவே இல்லை. பார்க்காத நாளை அது எப்படி எண்ணும் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்திருந்தேன். திங்கட்கிழமை திறந்தால் மூன்று குறைந்திருந்தது. நான் பார்க்காதபோதும் ஆளில்லாத கடையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

பதினொரு நாள் மீதி இருக்கும்போது ஒரு பெண் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தாள். அந்தப் பக்கம் மூன்றாவதில் திறக்கவில்லை, வெள்ளையாகவே நின்றது. வேறு வழியில்லாமல் பழையதைத் திறந்து பார்த்துச் சொன்னேன். பாஸ். அவள் போன பிறகு, சும்மா, தேடும் பெட்டியில் அந்த முதல் எழுத்தைத் தட்டினேன்.

தொண்டையில் கட்டி, வலி இல்லை.

நான் அழித்தது திரும்பி வந்திருந்தது. அதற்குக் கீழே நான் தட்டவே தட்டாத வரிகள். தொண்டையில் கட்டி, ஆறு வாரமாகக் குரல் கம்மல். நான் வாரக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. விரல் விட்டு எண்ணினேன். ஆறுதான். தொண்டையில் கட்டி, இடது பக்கம் படுத்தால் தூக்கத்தில் இருமல். நான் தூக்கத்தில் இருமுகிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது பிடரி முடி எழுந்து நின்றது. சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதியை எடுத்து மானிட்டரின் நெற்றியில் பூசினேன். அவசரத்தில் பாதி கீபோர்டுக்குள் போய்விட்டது. பிறகு பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், கம்ப்யூட்டருக்குக் காது கேக்குமுங்களா?"

"உங்க கம்ப்யூட்டர்ல மைக்கே கெடையாதுங்களே."

"மைக்கு இல்லாம?"

"கஸ்டமருக்கு உடம்பு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார் பாய். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

எதிர்ப் பேக்கரியில் போய் டீ வாங்கிக்கொண்டு, கடையைப் பார்த்தபடியே நின்றேன். நான் தூங்குவதைப் பார்க்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் யார் என்று யோசித்தேன். பேய்களை எல்லாம் வரிசையாக யோசித்தேன். டீ முக்கால்வாசி தீர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டில்தான் என்பது ஞாபகம் வந்தது.

வாத்தியார் வந்த அன்றைக்கே மனைவி பட்டியலைப் படித்துவிட்டிருக்கிறாள். பிளக்கை உதைக்க எனக்கு ஆன நேரம் அவளுக்குப் போதும், அவள் டைப் அடிப்பவள். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற ஒரு மணி நேரத்தில் தினமும் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். அந்த மூடிய கண் மனிதனை அவளும் கோடு கோடாகப் பார்த்திருப்பாள், எழுந்து வாசலுக்குப் போகாமல். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவள் கேட்டால் நான் ஜோக் அடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அடித்தால் அவள் சிரிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு பேரும் வாங்க, போங்க, இன்னொரு தோசை வெச்சுக்குங்க என்று மரியாதையாகக் கிட்டத்தட்ட மூன்று வாரத்தை ஓட்டியிருக்கிறோம்.

நேரில் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. பழைய பிரவுசரைத் திறந்து, தேடும் பெட்டியில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். தொண்டையைக் காட்ட நாளைக்குப் போலாமா. தேடச் சொன்னேன். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் வாசல் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்து அந்த எழுத்தைத் தட்டினேன். என் வரிக்குக் கீழே ஒரு வரி தொங்கியது. தொண்டை டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று, நாளைக்குக் காலையில் சாப்பிடாமல் கிளம்புங்க.

டாக்டர் டவுனில் இருந்தார். தடவிப் பார்த்தார், ஊசி குத்தி எடுத்து அனுப்பினார், அடுத்த வாரம் வரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் நான் எந்தப் பிரவுசரையும் தொடவில்லை. அடுத்த வாரம் அவர் கவரைப் பிரித்துப் படித்த நேரத்தில் அவருடைய பேனாவின் மூடியை நான் பத்துத் தடவை எண்ணியிருப்பேன்.

"கெட்டது இல்லைங்க. தைராய்டுக் கட்டி. எடுத்துப்போட்டா குரல் சரியாயிரும்."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மனைவி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கடைப் பிரிண்டரில் எடுத்தது, ஒன்றிலிருந்து ஒன்பது வரை கேள்விகள். ஒவ்வொன்றாகப் படித்தாள். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். எட்டாவது முடிந்ததும் தாளை மடித்தாள்.

"இன்னொன்னு இருக்குதுங்களே" என்றார் டாக்டர்.

"அது இனி வேண்டியதில்லீங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். கவுண்டம்பாளையம் தாண்டியதும் என்ன கேள்வி அது என்று கேட்டேன். தாளை எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். வெளியே வீசுவாள் என்று நினைத்தேன். ஒரு துண்டு விடாமல் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, துடியலூர் வரும் வரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.