மேட்டுக்குத் திரும்பிய ட்ராம்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கலியாணத்துக்கு முன் விஞ்ஞானம் படிப்பித்தவள் வேறு. கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை, ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் கணவர் வீட்டாருக்கு மரம் அரியும் ஆலை. மாமனார் பழைய தண்டவாளம் வாங்கி, கேற்றிலிருந்து வாள் நிற்கிற கொட்டில் வரை போட்டிருந்தார். அதில் மரக்குற்றி ஏற்றிய ட்ரொலி ஓடும். கொழும்பில் ட்ராம் நின்ற பிறகும் தன் வளவில் நிற்கவில்லை என்று பகிடி விடுவாராம், அதனால் எல்லோருக்கும் அது ட்ராம்தான். வாளின் பக்கம் பள்ளம். லேசாகத் தள்ளினால் போய்விடும், திரும்பக் கொண்டுவர இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளவேண்டும்.

அது சண்டைக் காலம். வவுனியாப் பக்கத்திலிருந்து வரும் முதிரை மரத்துக்குள் துப்பாக்கிச் சன்னமும் ஷெல் துண்டும் இருக்கும். ஓடுகிற வாள் அதில் பட்டால் சிதறி, முன்னால் நிற்கிறவரின் கழுத்துக்கே வரும். அங்கே நிற்கிறவர் என் கணவர். அதனால் ஒவ்வொரு குற்றியையும் தட்டி, காந்தம் பிடித்துப் பார்த்து, நல்லதென்றால் முனையில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார்கள்.

இது எனக்குத் தெரியாது. கலியாணமாகி இரண்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய் வந்தவள், கேற்றடியில் சில குற்றிகள் பொட்டில்லாமல் கிடக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன். எவ்வளவு மடைச்சி பாருங்கள்!

பத்து மணிக்குத் தேத்தண்ணீர் கொண்டு போனேன். மலைநாட்டு ஹற்றனிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்த முருகேசு ட்ராமில் பொட்டு வைத்த ஒரு குற்றியை ஏற்றித் தள்ளிவிட்டார். அது வாளுக்கு நாலடி முன்னால் நின்றது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மேட்டைப் பார்த்து உருண்டு கேற்றடிக்கே வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி வந்தது. மூன்றாம் தரம் என் கணவரே தள்ளினார், இவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

இவர் குற்றியைச் சுற்றிப் பார்த்தார். “இதுக்கு ஆர் பொட்டு வைச்சது?”

“நான் வெக்கலீங்க, மொதலாளி,” என்றார் முருகேசு.

நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தேன். “இஞ்சாருங்கோ, நான்தான் வைச்சனான். வெள்ளிக்கிழமை எண்டு...”

முன்கோபக்காரர், ஆனால் ஒரு சொல் ஏசவில்லை. வாளை நிற்பாட்டிவிட்டுக் காந்தத்தைப் பிடித்தார். குற்றியின் நடுவில் ‘டக்’ என்று ஒட்டியது.

உளியால் தோண்டினார்கள். பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை, மரம் பல வருடமாக அதை மூடி வளர்ந்திருந்தது. விரலளவு ஷெல் துண்டு தெரிந்தது. செய்த பிழைக்கு நானே எடுக்கிறேன் என்று அழுதபடி கையை விட்டேன்.

இவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. “அம்மாவின்ரை கையில குங்குமத்தைக் குடுத்திடாதேங்கோ” என்று பிள்ளைகளிடம் என்னைப் பகிடி பண்ணுவார், நானும் சிரிப்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். ஆனால் அன்று நான் தொட்டதும், அத்தனை வருடம் மரத்துக்குள் கிடந்த அந்த இரும்பு அப்போதுதான் வந்து விழுந்தது போல நெருப்பாகச் சுட்டது. இரண்டு விரலும் கொப்பளித்து, மருந்து கட்டி ஆறப் பத்து நாள் ஆனது.