கோவிலா, கோயிலா

பொதுமக்களிடமிருந்து மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் எழுதித் தர வேண்டும். இது விதி. பணியில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இதைச் சுற்றறிக்கையாக அடித்து, எல்லாப் பிரிவுக்கும் அனுப்பி, படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். யாரும் படித்ததாக நினைவில்லை. கையெழுத்து மட்டும் எல்லோரும் போட்டார்கள்.

நான் கேட்டது ஒற்றை வரி. சங்கரன்கோவில் என்பதும் சங்கரன்கோயில் என்பதும் ஒரே ஊர்தான் என்று அலுவலகத் தாளில் எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும்.

கேட்டது எனக்காக அல்ல. என் மனைவியின் தங்கை பினாங்கில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போய் முப்பத்தெட்டு வருஷம். கணவர் இறந்துவிட்டார். அவருக்கும் இரண்டு பையன்களுக்கும் மருமகள்களுக்கும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கான நீல அட்டை. இவளுக்கு மட்டும் சிவப்பு. நிரந்தரமாகத் தங்கிக்கொள், ஆனால் நீ வேறு நாட்டுக்காரி என்று அதற்குப் பொருள். நீல அட்டைக்கு மனுப் போட்டு, மலாய் மொழிச் சோதனையிலும் தேறிவிட்டாள். கடைசிப் படியில் நிற்கிற நேரத்தில்தான், போன மாசியில், நானும் மனைவியும் ஐந்து நாள் அங்கே போயிருந்தோம்.

அந்த ஊரில் ஒரே தெருவுக்கு மூன்று நான்கு பெயர். சீனர் ஒன்று சொல்கிறார், தமிழர் ஒன்று, மலாய்க்காரர் இன்னொன்று. பலகையில் இருப்பது சில இடங்களில் இவை எதுவுமே இல்லை. எங்களை ஏற்றிக்கொண்ட டாக்சிக்காரர் சீனர். மச்சினி தமிழ்ப் பெயரைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சரியான வாசலில் கொண்டுபோய் இறக்கினார். விளக்கக் கடிதம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவளோடு குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். முப்பது வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் குறை கண்டுபிடிக்கும் ஆசை எனக்கு நிறையவே இருந்தது. தலையில் முக்காடு போட்ட இளம் அதிகாரி, பிறப்புச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறந்த ஊரின் மேல் பேனாவை நிறுத்தினார். ஆங்கில எழுத்தில் ஒன்றில் கோவில். மற்றதில் கோயில்.

"இது ரெண்டும் ரெண்டு ஊரான்னு கேக்காங்க அத்தான்" என்றாள் மச்சினி.

"ஒரே ஊருன்னு சொல்லும்மா."

சொன்னாள். அதிகாரி சிரித்தார். அவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதாம், ஆனால் அவருக்குத் தோன்றுவதைக் கோப்பில் வைக்க முடியாதாம். ஊரிலிருந்து ஒரு கடிதம் போதும். எந்தத் தேதிக்குள், எந்த மேசையில், யாரிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் ஆகவில்லை. சீட்டை எரிச்சலோடு இரண்டு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் மச்சினி பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என் முதல் பாஸ்போர்ட் பாரத்தை யாரு நிரப்புனது, ஞாவகம் இருக்கா அத்தான்?"

இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாதம், என் அலுவலக மேசையில் வைத்து நான்தான் நிரப்பினேன். எங்கள் அலுவலகத் தாளில் அன்று கோயில் என்று அச்சடித்திருந்தது. பிறப்புச் சான்றைப் பார்க்காமல் அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் என் பிழை அவளோடு கூடவே போயிருக்கிறது.

"பெரிய பைல் புலின்னு சொல்லுவீங்கல்லா" என்றாள். அந்த 'லா' திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொண்டுபோனதா, பினாங்கில் பிடித்துக்கொண்டதா என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"ஏட்டி, சும்மா இரி. இன்னிக்கு முழுக்க அவுஹ சாப்பிடமாட்டாஹ" என்றாள் என் மனைவி.

ஊருக்கு வந்த மறுநாளே மனுவோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகமும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். பிரிவு உதவியாளர் மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு பார்மேட் இல்லையே அண்ணாச்சி."

"வெள்ளைத் தாள் இருக்குல்லா?"

"கம்ப்யூட்டர்ல இருப்பிடம் இருக்கு, வருமானம் இருக்கு, சாதி இருக்கு. ரெண்டு ஊரும் ஒண்ணுன்னு ஒரு சர்டிபிகேட் இல்ல."

"ரெண்டு ஊர் இல்லவே. ஒரு ஊரு."

"அதைத்தானே நீங்க இன்னும் நிரூபிக்கணும்."

வாசல் பலகையில் கோவில், அவர் கையில் இருந்த வட்ட முத்திரையில் கோயில். இரண்டையும் காட்டினேன். "அது பழைய சீலு. புதுசு கேட்டு எழுதியிருக்கு" என்றார். ஒப்புகைச் சீட்டு கேட்டேன். சீட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம். அதற்கும் எழுதியிருக்கிறதாம்.

பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பினேன். நாற்பதாம் நாள் நினைவூட்டு. அதற்கு அடுத்த மாதம் நேரில் போனபோதுதான் மனுவின் கதை தெரிந்தது. பொருள் என்ற இடத்தில் 'கோவில், கோயில்' என்று இருந்ததைப் பார்த்து, உள்ளே இருந்த எதையும் படிக்காமல், சுவாமி விவகாரம் என்று கோயில் நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் 'எமது அலுவலகம் தொடர்பானது அல்ல' என்று மூன்றே நாளில் திருப்பிவிட்டார்கள். திரும்பி வந்த மனு தபால் பிரிவில் ஒரு பீரோவுக்கு அடியில் கிடந்தது. நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

கத்தியிருக்கலாம். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, இளையரசனேந்தல் பக்கமிருந்து விதவைச் சான்றுக்கு வந்த ஒரு பெண்ணின் முகம் குறுக்கே வந்தது. கணவன் பெயரில் ஒரு ஒற்று கூடுதல் என்று அவளை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் முறை அவள் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. அன்றைக்கு எனக்கு அது கறார் என்று நல்ல பெயர் வாங்கித் தந்தது. வாயை மூடிக்கொண்டு இரண்டாம் நினைவூட்டை நீட்டினேன். கோபம் குறையவில்லை; என் பங்கும் அதில் சேர்ந்துகொண்டது.

பினாங்கில் ஒரு முறை தவணை நீட்டித்தார்கள். இரண்டாம் முறை சட்டத்தில் இடமில்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துக் கோப்பை மூடிவிட்டார்கள். இனி முதலிலிருந்து மனுப் போட வேண்டும். சோதனையும் புதிதாக எழுத வேண்டும். மச்சினிக்கு அறுபத்திரண்டு வயது. போனில் அழவில்லை.

"விடுங்க அத்தான். இத்தனை வருசம் செவப்போட இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாளுதானே."

"நான் வாங்கி அனுப்புதேன்மா."

"எதுக்கு? பிரேம் போட்டு மாட்டவா?"

கோப்பை மூடிய எட்டாம் நாள், எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா விடுமுறைக்கு மறுநாள், புதன்கிழமை பதில் வந்தது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று ஒற்றை வரி; தாளின் தலைப்பில் கோவில், கீழே முத்திரையில் கோயில்.