முதலிடம் வாங்கிய மாங்கூழ் ஆலை

நான் சுலபத்தில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அதிலும் கம்பெனிக்காரர்கள் சுற்றுச்சூழல் அறிக்கையில் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்வதை நம்பவே மாட்டேன். திருப்பதியில் என் ஆராய்ச்சியே அதுதான். நூற்றுக்கணக்கான அறிக்கைகளைக் கம்ப்யூட்டருக்குள் கொட்டி, தண்ணீர், கழிவு பற்றி எந்தக் கம்பெனி விவரமாகச் சொல்கிறது, எது மழுப்புகிறது, எதன்மேல் ஊர்க்காரர் புகார் இருக்கிறது என்று புரோகிராம் எழுதி மார்க் போடுவது.

பட்டியல் வந்தது. முதலிடம் எங்கள் ஊர் மாங்கூழ் ஆலைக்கு! அடேங்கப்பா என்று வாயைப் பிளந்தேன். புத்தூர்ப் பக்கம், எங்கள் கிணற்றிலிருந்து ஐந்தாறு வயல் தள்ளி இருக்கிறது அந்த ஆலை. சீசன் வந்தால் வாய்க்காலில் புளித்த நாற்றம் குடலைப் பிடுங்கும். இப்போது ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். எங்கள் பட்டியலோ மாவட்ட அதிகாரிகள் கைக்குப் போகப்போகிறது. அனுமதி கிடைத்துவிட்டால் எங்கள் கிணறு அவ்வளவுதான்.

ஊரிலிருக்கும் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் நைனாவுக்கு, போன் செய்து சொன்னேன்.

"கெணத்துத் தண்ணிய மாடு கூட மோந்து பாத்துட்டு போயிடுது. அவனுக்கு ஃபர்ஸ்ட் மார்க்கா? இன்னாம்மா படிப்பு படிச்சிக்கினு கீற நீ?" என்றார்.

சுருக்கென்றது. ஆலைக்காரன் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று எங்கள் பேராசிரியையிடம் போய் நின்றேன். "நீகு அன்னீ அனுமானாலே" என்று சிரித்தார், உனக்கு எல்லாமே சந்தேகம்தான் என்று. பட்டியலை அனுப்ப இரண்டே நாள் இருக்கிறது என்றும் சொன்னார்.

விடுவேனா? அறிக்கையை வரி வரியாகத் துருவினேன். இதோ பொய் என்று காட்ட ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலில் பக்கங்களை எண்ணினேன். அறிக்கையில் இருந்ததைவிட என் புரோகிராம் படித்த பக்கங்கள் குறைவு. பகீர் என்றது.

விட்டுப்போனவை கடைசியில் ஸ்கேன் செய்து இணைத்த பக்கங்கள். ஆலை விரிவாக்கம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பேசியதைக் குமாஸ்தா தெலுங்கில் கையால் எழுதியிருந்தார். ஆலைக்காரன் அதை மறைக்கக்கூட இல்லை. இங்கிலீஷ் எழுத்து இல்லாத பக்கத்தை வெற்றுப் பக்கமென்று தள்ளிவிடு என்று புரோகிராமுக்குச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று செய்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு என்மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள் நான். தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தேன். ஆளுக்கு ஆள் தண்ணீர்ப் புகார்தான். நாலாவது புகாரின் கீழே, தமிழில், கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. நைனாவுடையது.

பட்டியலை நிறுத்தச் சொல்லிப் பேராசிரியைக்கு முதலில் எழுதினேன். அப்புறம் ஊருக்கு போன் போட்டேன்.

"மீட்டிங்ல பேசினியா நைனா? எங்கிட்ட சொல்லவேயில்லியே?"

"உங்கிட்ட தனியா இன்னாத்துக்கு சொல்றது? அந்தப் பேப்பருங்கள படிக்கிறதுதான் உன் வேலைன்னு சொல்லிக்கினு இருந்த. நீ படிச்சிருப்பன்னு இருந்தேன்."