ரவுண்டானாவை மறைத்த பிளக்ஸ்

சீ, என்ன ஊர் இது என்று அந்த ரவுண்டானாவுக்குப் போகும்போதெல்லாம் தோன்றும். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ராஜபாளையத்தில் அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. சுற்றிக்கொண்டு போகத்தானே நடுவில் வட்டமாகத் திட்டு கட்டியிருக்கிறார்கள்? ஒருத்தனும் சுற்றமாட்டான். எதிரே நுழைவான், என்னையே முறைப்பான், காறித் துப்பிவிட்டுப் போவான்.

நான் ஓட்டியே ஆகவேண்டும். கணவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். முடிந்ததும் துவண்டுபோவார், அந்த உடம்போடு பஸ்ஸில் நின்று வரமுடியாது. அவர் ஓட்டிய கார் வாசலில் தூசி படிந்து கிடந்தது.

"வலது பக்கம் பாருங்கக்கா. வர்ற வண்டிய விட்டுட்டு, பொறவு உள்ள போங்க," என்பார் டிரைவிங் ஸ்கூல்காரர். வலது பக்கம் தெரிந்தால்தானே? எப்போதும் பிளக்ஸ். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள். ஒரு முகமும் பார்க்கச் சகிக்காது. நான் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டிருந்தேன்.

அன்று காலை வலது பக்கத்தில் புதிதாக ஒன்று நின்றது. வண்டி எதுவும் தெரியவில்லை, நுழைந்தேன். அதற்குப் பின்னாலிருந்து பால்கேனோடு ஒரு பெண் மொபெட்டில் வந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். பம்பருக்கும் அவள் முழங்காலுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"ஏம்மா, பாத்து வரமாட்டியளா? எம்பிள்ளையளுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்," என்றாள்.

அவள் போனபிறகு வண்டியை ஓரங்கட்டினேன். "அக்கா, அது நீங்கதான?" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் மேலே காட்டினார்.

நான்தான். தம்பி மகனுக்குக் காதுகுத்து. அத்தை என்று எழுதி, கைகூப்பிச் சிரிக்கும் என் படம், அவள் வந்த வழியை மறைத்துக்கொண்டு எல்லாரையும் வருக வருக என்றது.

தம்பிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு விருந்து முடியட்டும்க்கா, எடுத்துருதேன். அம்புட்டுச் சனமும் பாக்கணும்லா," என்றான்.

டிரைவிங் ஸ்கூல்காரரிடம் கத்தி வாங்கி நானே கயிற்றை அறுத்தேன். விருந்தில் தம்பி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதே கம்பில் வேறொரு வீட்டுக் காதுகுத்து.

இப்போது நான்தான் கணவரை அழைத்துப்போய் வருகிறேன். அந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்துவேன். பஸ்ஸில் நிற்கமுடியாத மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பிளக்ஸைத் தாண்டி நடுரோட்டில் நின்று, வா என்று எனக்குக் கை காட்டுகிறார்.