பூனையின் கக்கூஸும் என் அம்மாவும்

கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் என் காலை மூக்கிலிருந்துதான் தொடங்கியது. பல் துலக்குவதற்கு முன் சோபாவை முகர்ந்து பார்ப்பேன். பிறகு கால்மிதி, பிறகு அலுவலகப் பை, கடைசியில் அரிசி மூட்டை. எங்கே ஈரம் என்று கண்ணால் தேடுவது வீண். பூனை மூத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்துவிடும், நாற்றம் மட்டும் குடித்தனம் பண்ணும். கண்ணை எரிக்கும், தொண்டையில் போய் உட்காரும், சோற்றில் கை வைத்தால் அதிலிருந்தும் வருவது போலிருக்கும். ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டைப் புகை, மூடினால் மோரிட்ஸ். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து பிராணியோடு ஊர் திரும்ப நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மோரிட்ஸ் என் பூனை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தம். என் கம்பெனி இங்குள்ள ஆலைக்கு என்னை இரண்டு வருடம் அனுப்பியபோது அவனையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். அவனுடைய காட்சன்க்ளோவும் வந்தது. பூனைக் கழிப்பறைக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் களிமண் குருணை, அள்ள ஒரு ஓட்டைக் கரண்டி. ஸ்டுட்கார்ட்டில் ஒரு நாள்கூட அவன் தொட்டி தப்பியதில்லை. இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே வீடு முழுக்கத் தொட்டியாகிவிட்டது.

அருவருப்பு எனக்குப் புதிதல்ல. ஜெர்மனிக்குப் போன புதிதில் உடன் வேலை பார்த்தவள் ஒருத்தி விருந்துக்கு அழைத்தாள். அவள் குளியலறையில் பல்துலக்கிகளுக்குக் கீழேயே அந்தத் தொட்டி இருந்தது. அன்று அவள் வைத்த கேக் எனக்கு இறங்கவில்லை. எங்கள் ஊரில் விலங்குக்கு வீட்டுக்குள் கழிப்பறை வைக்க மாட்டோம் என்றேன். "அப்படியானால் அது எங்கே போகும்?" "வெளியே." "பாவம், மழையிலுமா?" என்று கண்கலங்கினாள். பூனைக்காக இரங்குகிறாளா, எனக்காகவா என்று விளங்கவில்லை. பிறகு நானே பூனை வளர்த்து, காபி குடித்துக்கொண்டே தொட்டியை அள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அம்மா அப்படித் தேறக்கூடியவள் அல்ல. அப்பா போன பிறகு, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கக்கூஸ் கழுவி என்னைப் படிக்க வைத்தவள். அந்த வேலைக்கு எங்கள் தெருப் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். புது வீடு கட்டியபோதும் கழிப்பறையைத் தோட்டத்தின் கடைசி மூலையில்தான் வைத்தாள். இப்போது கூடத்தில் ஒரு கக்கூஸ்.

"ஊட்டுக்குள்ள மூத்திரம் பேயறத வச்சிக்கினு எப்பிடிடி சோறு துன்ற?" என்றாள். ஆனால் தொட்டியை என்னைத் தொட விடவில்லை. "நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்று எடுத்துக்கொண்டாள். எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அரிசி மூட்டை நனைந்த அன்று அம்மாவின் பொறுமை போய்விட்டது. ஒரு மூட்டை அரிசியையும் குப்பையில் கொட்டிவிட்டுக் கெடு வைத்தாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நிக்கல, உங்க மாமன வரச்சொல்லி சாக்குல கட்டி எடுத்துக்கினு போவச் சொல்லிடுவேன். சோழவரம் ஏரிக்கரையில போய் மீன் துன்னட்டும்."

மீனை டப்பாவில் மட்டுமே பார்த்த பூனை அவன். பதறிப்போய்த் திருவள்ளூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், "வெளிய உட வேண்டியதுதானே?" என்றார்.

"இது வீட்டுப் பூனை சார்."

"எல்லாப் பூனையும் ஊட்டுப் பூனைதாம்மா."

ஆனாலும் பொறுமையாகச் சோதித்தார். மூத்திரப்பையில் கல் இல்லை, புண் இல்லை. "ஒடம்புல கோளாறு இல்ல. அது போற எடத்துலதான் இன்னாவோ புடிக்கல" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, விடுப்பு போட்டு வீட்டிலிருந்தேன். அம்மா தொட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். குருணையைக் கொட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைப்பக்கட்டையால் தேய்த்தாள். காயவைத்து, புதுக் குருணை போட்டு, அதன் மேலும் நாலு சொட்டு தெளித்தாள். மோரிட்ஸ் வந்து முகர்ந்தான். தும்மினான். திரும்பிப் போய் சோபாவில் ஏறி, எங்களைப் பார்த்துக்கொண்டே பெய்தான்.

"பினாயில் வாணாம்மா. அதனாலதான் கிட்ட போவ மாட்டேங்கறான். பூனைக்கு அது விஷம்மா."

"பினாயில் போடாங்காட்டி நாறும்டி. பினாயில் வாசன வந்தாதான் சூப்ரைசரு கழுவிட்டன்னு ஒத்துக்குவான்."

"இங்க எந்த சூப்பர்வைசரும்மா?"

அம்மா பினாயில் பாட்டிலின் மூடியைத் திருகினாள். பூனை மூத்திரத்தைவிட, அந்த முகம் தெரியாத சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்பது எனக்கு அதிகம் குமட்டியது.

கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத் தொட்டி வாங்கி வந்தேன். வெறும் குருணை போட்டேன். மோரிட்ஸ் சுற்றிச் சுற்றி முகர்ந்தான், இறங்கினான், தோண்டினான், வேலையை முடித்தான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கரண்டியை எடுத்துக் குனிந்து அள்ளினேன்.

"நீயாடி அள்ற?" அம்மாவின் குரல் கிழிந்திருந்தது.

"கரண்டி இருக்குதும்மா. கை படாது."

"எனக்குந்தான் கரண்டி குடுத்தாங்க. நான் அள்ளுனது நீயும் அள்ளறதுக்கா?"

சுவரில் சாய்ந்து அழுதாள். ஜெர்மனியில் எல்லாரும் அவரவர் பூனைக்கு அள்ளுகிறார்கள், டாக்டர்கூட அள்ளுகிறார் என்று சொன்னேன். "அவங்க ஆசைக்கு அள்றாங்க. நம்மள அப்பிடியா கூப்ட்டாங்க?" என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அழுது ஓய்ந்து, மாமனை வர வேண்டாம் என்று அவளே போனில் சொல்லிவிட்டாள். மோரிட்ஸ் இருக்கலாம். ஆனால் ஒரு கட்டளை. அள்ளிய பிறகு நான் தோட்டத்துக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், அதுவரை வீட்டுக்குள் வரக்கூடாது. ஸ்டுட்கார்ட்டில் கை கழுவினால் முடிந்த காரியம். இங்கே தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் நான் சொட்டச் சொட்ட வெளியே நிற்கிறேன். மோரிட்ஸ் உள்ளே ஜன்னலில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருக்கிறான். அம்மா வாசற்படியில் நின்று துண்டை நீட்டுகிறாள், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.