முட்டுவலிக்கு ஒரு கடி

இன்னைக்கு பஸ்ஸுல ஒரு பெரியவரை அறஞ்சுட்டேன்.

மலைக்குப் போன என் மச்சான், வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு கண்வலிக்கிழங்கைத் தோண்டியாந்து அவிச்சுத் தின்னுட்டு, ரத்தமா வாந்தியெடுத்து விருதுநகர் ஆஸ்பத்திரியில கெடக்கான். "இந்த வெசத்துக்குன்னு மாத்து மருந்து கிடையாது. மிச்சக் கிழங்கக் கொண்டாங்க, அதுதானான்னு பாக்கணும்"னாரு டாக்டர். மஞ்சப்பையில போட்டு அருப்புக்கோட்டையில பஸ் ஏறுனேன்.

பாலவனத்தம் தாண்டவும் பக்கத்து சீட்டுப் பெரியவர் பைக்குள்ள கைய விட்டாரு.

"மலைக்கிழங்கா? முட்டுவலிக்கு நல்லாக் கேக்குமே."

"வெசம்யா, வைங்க"ன்னேன். அதுக்குள்ள ஒரு கடி கடிச்சுட்டாரு.

விட்டேன் கன்னத்துல. கிழங்கு தெறிச்சு விழுந்துச்சு. கடிச்சதுல பாதி உள்ள போயிருச்சு.

"பெரியவர் மேலயா கைய வைக்கிற"ன்னு நாலு பேரு என்னையக் கீழ தள்ளி மிதிச்சாக. உதடு கிழிஞ்சுபோச்சு. கண்டக்டர் வந்து விசாரிச்சப்பறம் பஸ்ஸு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போச்சு.

மூக்கு வழியா குழாயை எறக்கி வயித்தக் கழுவுறப்ப, அவரு ஒதைக்காம அமுக்கிப் பிடிச்சதும் அதே நாலு பேருதான்.

மச்சான் இன்னும் கண்ணத் தெறக்கல. பெரியவர் அடுத்த பெட்டுல என்னையவே மொறச்சுக்கிட்டு கெடக்காரு.

"வெசம்னு வாயால சொன்னாப் பத்தாதா?"

சொல்லிட்டுத்தான் அடிச்சேன். நீங்களா இருந்தா எத மொதல்ல செஞ்சிருப்பீக?