பஸ்ஸை யார் எழுதிக் கொடுத்தது?

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ‘பஸ்’. சுற்றிலும் கிளைகள்: இருமல், கிழிந்த இருக்கை, மழை ஒழுகல், தூங்கும் பெண்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளானில் நான் தற்காலிக ஆசிரியராக இருந்தபோது ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி வரைந்த மனவோட்டவரை அது. கட்டுரைக்கு முன்னால் எண்ணங்களை இப்படிக் கொட்டிப் பாருங்கள் என்று வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். அவள் ஒருத்திதான் கேட்டாள்.

மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியில் கட்டுரை என்றால் மனப்பாடம். ‘நான் ஒரு பேனா’ என்ற தன்கதையைத் தமிழ்ப் பகுதித் தலைவர் எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் உருப்போடுவார்கள். தேர்வில் குடை வந்தால் பேனாவை எடுத்துவிட்டுக் குடையைப் போட வேண்டியது. சோதனைத் தேர்வில் ‘நான் ஒரு பஸ்’ வந்தது. வகுப்பே தொழிற்சாலையில் பிறந்து, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கடைசியில் ஒரு மாணவனின் சட்டைப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. பஸ், சட்டைப்பைக்குள்! அவற்றுக்கெல்லாம் தலைவர் நல்ல புள்ளி போட்டார்.

இவளுடைய பஸ் மட்டும் விடிவதற்கு முன் இருமிக்கொண்டு தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குக் கிளம்பியது. சன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் பெண்கள் விழித்துவிடக் கூடாதென்று பள்ளங்களில் மெல்ல இறங்கி ஏறியது. அவள் அம்மா அந்தப் பெண்களில் ஒருவர்.

தலைவர் அவளைக் கூப்பிட்டு, “உண்மையச் சொல்லு, யாரு எழுதிக் கொடுத்தா?” என்றார். அதைக் கேட்பதற்கு அவருக்கு எப்படி மனம் வந்ததோ. நாள்காட்டித் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தொடக்கூட இல்லை.

“தம்பி, படம் போடறதுக்கு வேற கிளாஸ் இருக்கு லா. தேர்ச்சி விழுக்காடு விழுந்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

பேனாவை ஒப்பிக்காவிட்டால் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழுக்கு அவள் பெயரைப் பதிய மாட்டாராம்.

மறுநாள் ஒப்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. “இப்பதான் உருப்படியா இருக்கு,” என்று பெயரைப் பதிந்தார். வெளியே வந்தவளிடம் அந்த நாள்காட்டித் தாளை நீட்டினேன்.

“விடுங்க சார். இதுதான் நெசமாவே அடுத்தவங்க எழுதிக் கொடுத்தது. இத யாரும் கேக்க மாட்டாங்க,” என்றாள்.

கேட்கவில்லை. பேனாவை வைத்தே தேறினாள். இப்போது பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளில் மனவோட்டவரையை அச்சடித்து விற்கிறார்கள், கிளைகளையெல்லாம் அவர்களே நிரப்பி. பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள்.